ஈவோ 9: கம்பெனி ஈசியுவா, லிங்க் ஜி4எக்ஸா? இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன் சொல்கிறேன்

ஈவோ, அதாவது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் நம் ஆட்கள் முதலில் கேட்பது எத்தனை குதிரை என்று. அடுத்தது, எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டியான ஈசியுவை மாற்றிவிட்டாயா என்று. இல்லை, ஒரிஜினல் பெட்டிதான், எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று அதற்குச் சொல்லும் எண் அட்டவணையான மேப்பை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன் என்று சொன்னால் ஒரு பரிதாபப் பார்வை பார்ப்பார்கள். ஐந்து வருடம் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டேன். அப்புறம் நானும் லிங்க் ஜி4எக்ஸ் என்ற பெட்டிக்கு மாற்றினேன். இப்போது இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

கார் 2007 பதிவு, 2017இல் பத்து வருடத்துக்கு சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்று, புதுப்பித்தது. எஞ்சின் 4ஜி63, 1997 சிசி, உள்ளே எதையும் பிரித்ததில்லை. முதலில் ஒரிஜினல் டர்போ, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வாங்கிய எக்ஸாஸ்ட், பெரிய பெட்ரோல் பம்ப், அவ்வளவுதான். இதற்கு மிட்சுபிஷி ஈசியுவையே ரீஃப்ளாஷ் செய்தோம். டாக்ட்ரிக்ஸ் ஓபன்போர்ட் 2.0 என்ற கேபிளை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டிலும் அதன் பக்கத்து ரீஃப்ளாஷ் கனெக்டரிலும் செருகி, ஈசியுஃப்ளாஷ் என்ற இலவச மென்பொருளில் மேப்பைத் திறந்து, திருத்தி, திரும்ப எழுதிவிடலாம். பெட்டியைக் கழற்றவே வேண்டாம். சக்கரத்துக்கு வரும் சக்தியை அளக்கும் டைனோ மேடையில் நாலு மணி நேரம், மொத்தம் 900 வெள்ளி கொடுத்தேன். சக்கரத்தில் 310 குதிரை வந்தது. கப்பலில் இருந்து இறங்கியபோது ஜப்பான் கணக்கில் எஞ்சினிலேயே 280தான் என்பதை நினைத்தால், போதாதா என்ன?

குதிரையை விடுங்கள். அந்த ஐந்து வருடத்தில் எனக்குப் பிடித்துப்போனது அந்தப் பழைய பெட்டியின் புத்தி. ஈவோவின் ஈசியுவுக்குள் இக்னிஷனுக்கு, அதாவது பொறி எப்போது அடிக்கவேண்டும் என்ற டைமிங்குக்கு, இரண்டு மேப் இருக்கிறது, நல்ல பெட்ரோலுக்கு ஒன்று, மட்டமான பெட்ரோலுக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று முடிவு செய்ய ஆக்டேன் நம்பர் என்று ஓர் எண்ணைத் தனக்குள் வைத்திருக்கும், 0 முதல் 100 வரை. நாக் என்பது எஞ்சினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் சத்தம், எஞ்சினுக்கு ஆகாது. நாக் சென்சர் அந்தச் சத்தத்தை அடிக்கடி கேட்டால் எண் மெல்லக் குறையும், டைமிங் மட்டமான பெட்ரோல் மேப்பின் பக்கம் நகரும். அது தவிர, நாக் நடக்கும் அந்த நொடியிலேயே டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பது தனி வேலை. நாக் எவ்வளவு என்று சொல்லும் நாக்சம் எண் 3 என்று லாகில், அதாவது ஈசியுவின் பதிவில், தெரிந்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி போய்விட்டது என்று கணக்கு.

இது காகிதத்தில் படிக்கும்போது ஒன்றும் தெரியாது. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தெரியும். முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர் கார் எல்லை தாண்டக்கூடாது என்று விதி இருப்பதால் இங்கிருந்து 98 ஆக்டேன் பெட்ரோல் நிரப்பிக்கொண்டுதான் துவாஸ் எல்லையைத் தாண்டுகிறோம், ஆனால் 5.543 கிலோமீட்டர் தடத்தில் காலையில் நாலு சுற்று, மாலையில் நாலு சுற்று அடித்தால் அது எங்கே நிற்கும். சிங்கப்பூர் எண் போட்ட காருக்கு மலேசியாவில் 95 ஊற்றக்கூடாது, ஆகவே வழியில் ரான் 97. ஒரு புள்ளிதானே என்று நினைத்தேன். மத்தியானம் இரண்டு மணி, சாலையில் கானல் ஆடுகிறது, மூன்றாவது கியரில் 3,800 ஆர்பிஎம்மில் காலை அழுத்தினால் கார் ஏதோ களைத்துப்போன மாதிரி. ஈவோஸ்கேன் லாகைப் பார்த்தால் நாக்சம் 7, ஆக்டேன் நம்பர் 100இல் இருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் எரிச்சலூட்டும் அளவுக்கு மந்தமாகி, ஆனால் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. இங்கே மறுபடி 98 நிரப்பி ஒரு வாரம் ஓட்டியதும் எண் தானாக மேலே ஏறிவிட்டது. நான் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. ஜப்பானில் யாரோ ஓர் எஞ்சினியர், பெட்ரோல் சரியில்லாத ஊரில் முட்டாள் ஒருவன் காலை அழுத்துவான் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த வேலை அது.

அப்படியானால் ஏன் மாற்றினாய் என்று கேட்பீர்கள். டர்போ ஆசை. பெரிய டர்போ, பெட்ரோலைப் பீய்ச்ச 1000 சிசி இன்ஜெக்டர். அங்கேதான் ஒரிஜினல் பெட்டியின் எல்லைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

முதலாவது காற்றை அளக்கும் விதம். ஈவோவின் ஏர்ஃப்ளோ சென்சர் கார்மன் வகை. காற்று உள்ளே வரும்போது எழும் சுழல்களை எண்ணிச் சொல்லும். காற்று ஓர் அளவுக்கு மேல் போனால் அதற்கு எண்ண முடியாது, ஈசியுவுக்குக் கணக்கு தப்பும். இரண்டாவது, வெப்ப சென்சர் இருக்கும் இடம். அது ஏர்ஃப்ளோ மீட்டருக்குள்ளேயே, அதாவது டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. டர்போ அமுக்கி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி எஞ்சினுக்குள் நிஜமாகப் போகும் காற்று எத்தனை டிகிரி என்று ஒரிஜினல் பெட்டிக்கு நேரடியாகத் தெரியவே தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு பிஐஇ விரைவுச்சாலையில் இருபது நிமிடம் ஊர்ந்துவிட்டு, திடீரென்று வழி கிடைத்ததும் அழுத்துகிறோமே, அந்த இடத்தில் இது முக்கியம். மூன்றாவது, ஆயில் அழுத்தம். ஒரிஜினலில் அது வெறும் ஒரு ஸ்விட்ச், டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய மட்டும்தான். அந்த விளக்கு எரிவதை நீங்கள் பார்க்கும்போது பேரிங் போயிருக்கும்.

நியாயமாகச் சொல்லவேண்டும், முதல் இரண்டுக்கும் ஒரிஜினல் பெட்டியிலேயே வழி இருக்கிறது. ஆர்வலர்கள் எழுதிய பேட்ச் போட்டு, அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் ஸ்பீட் டென்சிட்டிக்கு மாறலாம், ஏர்ஃப்ளோ மீட்டரைத் தூக்கிவிட்டு, காற்றழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சரும், இன்டர்கூலர் குழாயில் ஒரு வெப்ப சென்சரும் வைத்தால் போதும். நிறைய பேர் அப்படி ஓட்டுகிறார்கள், வேகமாகவும் ஓட்டுகிறார்கள். என்னை லிங்க் பக்கம் தள்ளியது மூன்றாவது விஷயம்தான். ஆயில், பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் வேலையை ஒரிஜினலில் எப்படிச் சுற்றி வந்தாலும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

லிங்க், ஒரிஜினலுக்குப் பதிலாக முழு வேலையையும் தானே பார்க்கும் ஸ்டாண்ட்அலோன் பெட்டி, நியூசிலாந்துக்காரர்களுடையது, கிறைஸ்ட்சர்ச்சில் செய்கிறார்கள். ஈவோ 9க்கென்றே பிளக்-இன் வருகிறது: ஒரிஜினல் ஈசியுவைக் கழற்றி, அதே சாக்கெட்டில் இதைச் செருகவேண்டியதுதான், வயரை வெட்டத் தேவையில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் செய்யும் ஹால்டெக், மோடெக் இரண்டும் பார்த்தேன். மோடெக் விலையைக் கேட்டதும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். லிங்க் பெட்டி, வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சர், ஆயில், பெட்ரோல் அழுத்த சென்சர்கள், டியூனிங், எல்லாம் சேர்த்து எனக்கு முதலில் ஆனது 4,300 வெள்ளி சொச்சம். முதலில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் கொண்டுபோன பட்டறையின் பெயர் வேண்டாம். டைனோவில் ஏற்றி, முழுத் திராட்டிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தி, ஆறேழு இழுப்பு இழுத்து, 395 குதிரை என்று ஒரு வண்ணக் காகிதம் கொடுத்தார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டேன். மறுநாள் காலை பலமாடிக் கார் நிறுத்தத்தில், நாலாவது மாடி, சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொண்டு இரண்டு நொடியில் நின்றுவிட்டது. மறுபடி. மறுபடி. நாலாவது தடவை காலை லேசாக வைத்துப் பிடித்துக்கொண்டதும் பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையும். பக்கத்து லாட்டில் தன் டாக்சியைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா துணியை நிறுத்திவிட்டு, "தம்பி, பேட்டரி போச்சா?" என்றார். ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? நாலாயிரம் வெள்ளி செலவழித்து இப்படி ஆக்கிக்கொண்டேன் என்றா?

கோளாறு லிங்க்கில் இல்லை, இதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரிஜினல் மேப்பில் மிட்சுபிஷி எத்தனை வருடம் உட்கார்ந்து நிரப்பிய கட்டங்கள் இருக்கின்றனவோ, குளிர்ந்த எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், ஏர்கான் கம்ப்ரஸர் கடிக்கும்போது, கார் சும்மா நிற்கையில் எஞ்சின் ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐடில் வால்வு எவ்வளவு திறக்கவேண்டும், சிக்னலில் ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் ஐடில் எவ்வளவு ஏறவேண்டும், எல்லாம் புதுப் பெட்டியில் உங்கள் காருக்கு ஏற்றபடி ஒருவர் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியவை. பெட்டியோடு வரும் அடிப்படை மேப் எஞ்சினைப் பிடிக்க வைக்கத்தான், வேலைக்குப் போய்வர இல்லை. அந்தப் பட்டறை முழுத் திராட்டில் பகுதியை மட்டும் டியூன் செய்துவிட்டு மீதியை அப்படியே விட்டிருக்கிறது. நான் முழுத் திராட்டிலில் ஓட்டுவது வாரத்தில் எத்தனை நொடி?

திரும்பப் போய்க் கேட்டால் "எல்லா ஸ்டாண்ட்அலோனும் இப்படித்தான் பாஸ், பழகிவிடும்" என்றார்கள். சரி, வேறொருவரிடம் காட்டலாம் என்று போனால், மேப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். என் பெட்டி, என் காசு, என்னாலேயே திறக்க முடியாது. கேட்டதற்கு அது எங்கள் உழைப்பு என்றார்கள். இரண்டாவது டியூனர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தார், இன்னொரு 1,200 வெள்ளி. காசு கொடுப்பதற்கு முன்னால் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: மேப் கோப்பு எனக்குத் தருவீர்களா, பூட்டுவீர்களா? நெளிகிறார்கள் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது ஆள் காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன யூனிட்டில் இருக்கிறார். காரை மூன்று இரவு விட்டுவிட்டுப் போ என்றார். ஏன் என்று கேட்டால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பார்க்க ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு, கிளப்பியதும் சூடாகிவிடும், அடுத்த முயற்சிக்கு மறுநாள் காலை வரவேண்டும். இது தெரிந்ததும், அரை நாளில் காரைத் தயார் செய்து கொடுப்பவர்கள் மேல் இருந்த மரியாதை அப்படியே இறங்கிவிட்டது. நாலாம் நாள் எடுக்கப் போனபோது ஏர்கானை முழுசாக வைத்து, கண்ணாடியை இறக்கி, கேள் என்றார். கம்ப்ரஸர் ஆனாகும் டிக் சத்தம் மட்டும் கேட்டது. ஆர்பிஎம் காட்டும் டேக்கோ முள் அசையவில்லை.

அப்படியும் ஒரு ஓட்டை இருந்தது. டிசம்பரில் குடும்பத்தோடு மலேசியாவின் கேமரன் மலை போனோம். காலையில் கிளப்பினால் பழையபடி இருமல். சிங்கப்பூரில் எஞ்சின் எவ்வளவுதான் குளிர்ந்தாலும் 25 டிகிரிக்குக் கீழே பெரிதாகப் போவதில்லை. அதற்குக் கீழே உள்ள கட்டங்களை யாரும் ஓட்டிப் பார்த்தே நிரப்பவில்லை, நிரப்ப இங்கே வழியும் இல்லை. மனைவி ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "பழைய பெட்டி இருந்தப்ப இப்படி இல்லையே" என்றாள். இல்லைதான். அது ஹொக்கைடோ பனியிலும் கிளம்பவேண்டும் என்று செய்த பெட்டி.

சரி, அடி வாங்கிய கதை போதும், லிங்க் கொடுத்த ஒன்றையும் சொல்கிறேன். அதே செப்பாங், வெயில், மதியத்துக்கு மேல். நீண்ட வேகமான வளைவு ஒன்றில் முழு பாரமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது எஞ்சின் பட்டென்று வெட்டிவிட்டது, பின்னால் வந்தவர் என்னைத் தாண்டிப் போனார், நான் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். பிட்டுக்கு வந்து மடிக்கணினியை மாட்டினால் லாகில் ஒரு பள்ளம்: 6,200 ஆர்பிஎம், ஆயில் அழுத்தம் 5 பாரில் இருந்து 1.6 பாருக்குச் சரிந்து, அரை நொடிக்குள் பெட்டி எஞ்சினை நிறுத்தியிருக்கிறது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. காலையில் பார்க்காமல் விட்டது என் சோம்பேறித்தனம். ஒரிஜினல் பெட்டியாக இருந்தால் அழுத்தம் இன்னும் கீழே போன பிறகுதான் சிவப்பு விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியிருக்கும், 180 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் இருப்பவன் அதையா பார்ப்பான்? 4ஜி63 எஞ்சின் ஒன்றைத் திரும்பக் கட்ட இன்றைக்கு ஆகும் செலவை நினைத்தால், லிங்க் அந்த அரை நொடியில் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இன்னொரு சின்ன கணக்கு. 310இல் இருந்து 395க்கு ஏறியது லிங்க்கால் இல்லை, டர்போவால். ஒரே டர்போ, ஒரே பூஸ்ட், ஒரே பெட்ரோல் என்றால் நல்ல டியூனர் எந்தப் பெட்டியிலும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் எடுப்பார். பெட்டி மாற்றினாலே 50 குதிரை என்று விற்கிறவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பெட்ரோல் கணக்கில் ஒரிஜினலில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர் ஓடியது, இப்போது ஏழே முக்கால். அதில் பாதிக்கு டர்போ காரணம், மீதிக்கு என் வலது கால்.

புதுக் கார்க்காரர்களுக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். கோல்ஃப் ஜிடிஐ மாதிரி நேரடி இன்ஜெக்ஷன், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால் ஈசியுவும் கியர்பாக்ஸும் டார்க், அதாவது முறுக்குவிசை, எவ்வளவு என்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். நடுவில் அந்நியப் பெட்டி ஒன்றை நுழைத்து அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுப்பது பந்தயக் காருக்கான வேலை. ரீஃப்ளாஷ் போதும். ஹோண்டா சிவிக் எஃப்கே8 டைப் ஆர் என்றால் ஹோண்டாட்டா ஃப்ளாஷ்ப்ரோ என்ற ரீஃப்ளாஷ் கருவி. வாரண்டி மீதம் இருந்தால் அதற்கு என்ன ஆகும் என்று முதலில் யோசியுங்கள், எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஆணையத்தின் தளத்தில் மாற்றங்களுக்கான விதிகளைப் படித்துவிடுங்கள், பட்டறைக்காரர் வாய்வார்த்தையை நம்பவேண்டாம். நடுவில் செருகும் பிகிபேக் பெட்டிகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. சென்சர் சொல்வதை மாற்றிச் சொல்லி ஈசியுவை ஏமாற்றுகிற வேலை அது, இரண்டு பேர் ஒரே ஸ்டீயரிங்கைப் பிடித்த கதைதான்.

அப்புறம் சிஓஇ. இதை எந்த வெளிநாட்டு வீடியோவும் உங்களுக்குச் சொல்லாது. ஐந்து வருடப் புதுப்பித்தல் எடுத்தவர் அது முடிந்ததும் காரைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும், மறுபடி நீட்டிக்க முடியாது. பத்து வயது தாண்டியதும் சாலை வரி ஏறத் தொடங்கி 50 விழுக்காடு வரை கூடுதலாகப் போகும், வருடா வருடம் சோதனை வேறு. இந்த நிலையில் மூன்று வருடம் மட்டும் மீதமுள்ள காரில் ஐயாயிரம் வெள்ளி போடுவது என்பது அவரவர் பர்ஸ். ஒரே ஆறுதல், பிளக்-இன் பெட்டியைக் கழற்றி விற்கலாம். ரீஃப்ளாஷுக்குக் கொடுத்த 900 வெள்ளி காரோடு போய்விடும். ஆனால் ஈவோ 9 பெட்டியை ஈவோ 9காரர்தான் வாங்குவார், இந்தத் தீவில் அவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே டர்போ ஒரிஜினல் என்றால், வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தேக்கா சந்தைக்கும் போகிற கார் என்றால், ரீஃப்ளாஷ், கண்ணை மூடிக்கொண்டு. மிச்சக் காசில் டயர் மாற்றுங்கள். டர்போ, இன்ஜெக்டர் பெரிதாகி, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது செப்பாங் போகிறீர்கள் என்றால் லிங்க் மாதிரி ஒன்று, ஆனால் ஆயில், பெட்ரோல் அழுத்த சென்சர்களோடு சேர்த்து. அந்த இரண்டு சென்சர் இல்லாமல் பெட்டியை மட்டும் வாங்குவது வீட்டுக்குப் பூட்டு வாங்கிவிட்டுக் கதவு வைக்காத மாதிரி.

என் மச்சான் ஹாக்ஐ என்கிற சுபாரு இம்ப்ரெஸா வைத்திருக்கிறான், ஐந்து வருட சிஓஇ. என் லிங்க்கைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் தூங்கவில்லை. வேண்டாம்டா என்று பிடித்து உட்காரவைத்து அவனுக்கு ரீஃப்ளாஷ்தான் செய்ய வைத்தேன். சுபாருவில் ஆக்டேன் நம்பருக்குப் பதில் ஐஏஎம் என்று ஒன்று, எல்லாம் நன்றாக இருந்தால் 1.0 காட்டும். ஞாயிறு தோறும் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புவான், பையனின் பரீட்சை மார்க்கைக் காட்டுகிற மாதிரி. போன வாரம் 0.81 என்று வந்தது. பதறிப்போய்க் கூப்பிட்டேன், ஜோகூரில் எண்ணெய் ஊற்றினாயா என்று.

"இல்ல மச்சான், இங்கதான் ஊத்துனேன். 95. தொண்ணூத்தெட்டு விலையப் பாத்தியா நீ?"